கடைக்குப் பூட்டு சரி, உள்ளே இருப்பவருக்கு?

இரவு ஒன்பது மணிக்குமேல் கிழக்கேகோட்டையில் நின்று பார்த்தால் ஒரு காட்சி தவறாமல் கண்ணில் படும். பழவங்காடிப் பிள்ளையார் கோயில் பக்கமிருந்து சாலைக் கடைத்தெருவின் கோடி வரை ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கும். முதலாளி கல்லாப் பணத்தை எண்ணிப் பைக்குள் வைப்பார். பூட்டைப் பூட்டி இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார். பத்தடி நடந்தபின் சந்தேகம் வந்து, திரும்ப வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பவர்களும் உண்டு. பாடுபட்டுச் சேர்த்த சரக்கு அது. அந்த அக்கறையில் குற்றம் சொல்ல இடமில்லை.

ஆனால், பூட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் இருந்தால்?

கடைத்தெருக்களில் இது பழைய வழக்கம். ஊரிலிருந்து வேலைக்கு வந்த பையன் கடைக்குள்ளேயே படுத்துக்கொள்வான். சரக்குப் பரணில் ஒரு பாய், ஒரு தலையணை. அவனுக்கு அறை வாடகை மிச்சம். முதலாளிக்குச் சம்பளமில்லாத காவல்காரன். இரு தரப்புக்கும் லாபம் போலத் தோன்றும் இந்த ஏற்பாடு, எத்தனை பேர் உயிரைக் குடித்திருக்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

கடை பத்திரமாக இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் பூட்டையும் காமிராவையும் கல்லாவையும் பார்க்கிறார்கள். கடையில் வேலை செய்கிறவர் எங்கே படுக்கிறார், எங்கே உட்காருகிறார், அவசரத்துக்கு எங்கே போகிறார், ஆபத்தென்றால் எந்த வழியாக வெளியேறுவார் என்பதையும் பார்த்தால்தான் அந்தக் கடை உண்மையிலேயே பத்திரமான கடை.

சாலையும் நம்மவரும்

திருவிதாங்கூர் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ், 18-ம் நூற்றாண்டின் இறுதியில் வளர்த்தெடுத்த சந்தை சாலை. கோட்டையின் கிழக்கு வாசலுக்கு எதிரே தொடங்கும் அந்தத் தெருவில், மலையாளத்துக்கு இணையாகத் தமிழும் நெடுங்காலமாக ஒலித்து வருகிறது. சாலையில் கடை நடத்திக்கொண்டே கதை எழுதிய ஆ. மாதவன், அந்தத் தெருவின் மனிதர்களையே தம் எழுத்துக்குப் பொருளாக்கி, 2015-ம் ஆண்டுக்கான சாகித்ய அகாதமி விருதும் பெற்றார்.

இன்றும் ஜவுளி, பாத்திரம், பலசரக்கு, பூ, பழம் எனப் பல கடைகளில் நம்மவர்கள் முதலாளிகளாகவும், கணக்கர்களாகவும், எடுத்துக்கொடுக்கும் சிப்பந்திகளாகவும், சுமை தூக்குவோராகவும் இருக்கிறார்கள். சாலையின் பக்கத்துச் சந்துகள் குறுகலானவை. பல கட்டடங்கள் பழையவை; ஒன்றோடொன்று சுவர் ஒட்டியவை. சரக்கோ தரையிலிருந்து கூரை வரை. ஆகவே இங்கே ஒரு கடையின் அஜாக்கிரதை அந்த ஒரு கடையோடு நிற்பதில்லை.

ஒரே மாதத்தில் இரண்டு தீ

2019-ம் ஆண்டு மே மாதத்தை எடுத்துக்கொள்வோம். 9-ந் தேதி அதிகாலை, புனே நகரை அடுத்த உருளி தேவாச்சியில் ஒரு சேலைக் கடையில் தீப்பிடித்தது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த 5 ஊழியர்கள் இறந்தனர். கதவு வெளியே பூட்டப்பட்டிருந்தது.

அதே மாதம் 21-ந் தேதி காலை, நம் பழவங்காடியில் குடைகளும் பைகளும் விற்கும் கடையில் தீப்பிடித்து, அக்கம்பக்கத்துக்கும் பரவியது. குடைத்துணியும் பிளாஸ்டிக்கும் எரிந்து எழுந்த கரும்புகை அப்பகுதியையே மூடியது. தீயணைப்புப் படையினர் நெடுநேரம் போராடினர். நஷ்டம் பெரிது, ஆனால் உயிர்ச்சேதம் இல்லை. அது பட்டப்பகல். ஆட்கள் விழித்திருந்தார்கள், கதவுகள் திறந்திருந்தன. அதே தீ அதிகாலை நான்கு மணிக்கு, ஷட்டர் பூட்டியிருக்கும்போது, பரணில் ஆள் இருக்கும்போது பிடித்திருந்தால்? புனே சம்பவம் நமக்குச் சொல்லும் பதில் அதுதான்.

இதற்கு முன்பே, 2017-ம் ஆண்டு டிசம்பர் 18-ந் தேதி அதிகாலை, மும்பை சாக்கிநாகாவில் காரவகைகள் செய்து விற்கும் கடையில் தீப்பிடித்து, அங்கே தூங்கிய 12 தொழிலாளர்கள் மாண்டனர். 2019 டிசம்பர் 8-ந் தேதி, டில்லி அனாஜ் மண்டியில் பைகள் செய்யும் கூடம் இருந்த கட்டடத்தில் தீப்பிடித்து 43 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காக வெளியூரிலிருந்து வந்து, வேலை செய்த இடத்திலேயே படுத்திருந்தவர்கள்.

இத்தகைய தீயில் தீ நாக்கு தொடுவதற்கு முன்பே புகை ஆளைக் கொன்றுவிடுகிறது. எரியும் துணியும் ரப்பரும் பிளாஸ்டிக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவை வெளிவிடுகின்றன. அதற்கு நிறமில்லை, மணமில்லை. தூங்குகிறவனை எழுப்பாமலே மயக்கத்தில் ஆழ்த்திவிடும். சூடான புகை மேலே ஏறும் இயல்புடையது. ஆகவே கடையிலேயே மிக ஆபத்தான இடம் பரண்தான். நாம் ஆளைப் படுக்க வைக்கும் இடமும் அதுவே.

தீ எங்கிருந்து வருகிறது?

கடைத் தீக்கு மூலகாரணம் பெரும்பாலும் சின்ன விஷயமாகவே இருக்கும். ஒரு பிளக்கில் மூன்று இணைப்பு மாட்டுவது. பழைய ஒயரில் புதிய ஏ.சி.யை ஓட்டுவது; ஓணம், தீபாவளி சமயங்களில் சர விளக்குகளைத் துணிக்கட்டுகளின்மேல் தொங்கவிடுவது; பியூஸ் போனால் தடித்த கம்பியைச் சுற்றி வேலையை முடிப்பது. பியூஸ் போவதும் எம்.சி.பி. விழுவதும் தொல்லை அல்ல, எச்சரிக்கை. அடிக்கடி விழுந்தால் மின்பணியாளரைக் கூப்பிட வேண்டுமே தவிர, விழாதபடி கட்டிவைக்கக் கூடாது. மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கருவி பொருத்தினால், ஷாக் அடித்து உயிர் போகும் ஆபத்தும் பெரிதும் குறையும்.

அடுத்தது சாமி படம். காலையில் விளக்கேற்றி ஊதுபத்தி கொளுத்துவது நம் மரபு. அதை விட வேண்டியதில்லை. படத்துக்குக் கீழே அட்டைப்பெட்டி அடுக்குவதைத்தான் விட வேண்டும். கடை மூடும்போது விளக்கு அணைந்துவிட்டதா என்று பார்ப்பதும் பூஜையின் ஒரு பகுதிதான்.

ஆற்றுகால் பொங்கல் நாளன்று கிழக்கேகோட்டைச் சாலைகளிலெல்லாம் செங்கல் அடுப்புகள் வரிசையாக எரியும். லட்சக்கணக்கான தாய்மார்கள் கூடும் அந்த நாளில், கடை வாசலில் வைக்கோலோ காலிப் பெட்டிகளோ சாக்குகளோ கிடக்கலாமா? முதல் நாள் மாலையே அவற்றை அப்புறப்படுத்துவதும், வாளிகளில் தண்ணீரும் மணலும் தயாராக வைப்பதும் கடைக்காரர் கடமை.

தீயணைப்புக் கருவி பல கடைகளில் இருக்கிறது; ஆனால் காலண்டருக்குப் பின்னால் இருக்கிறது. அதன் முள் பச்சைக் கோட்டில் நிற்கிறதா என்று மாதம் ஒரு முறை பார்க்க வேண்டும். எப்படி இயக்குவது என்று கடையில் உள்ள எல்லோருக்கும், நேற்றுச் சேர்ந்த பையனுக்கும், தெரிந்திருக்க வேண்டும். ஊசியை இழுத்து, குழாயைத் தீயின் அடிப்பாகத்தை நோக்கிப் பிடித்து, பிடியை அழுத்தி, பக்கவாட்டில் வீச வேண்டும். மின்சாரத் தீயில் தண்ணீர் ஊற்றவே கூடாது; முதலில் மெயின் சுவிட்சை நிறுத்த வேண்டும். தீ தலைக்குமேல் உயர்ந்துவிட்டால் சரக்கைக் காப்பாற்ற நிற்காமல் வெளியேறி, 101-க்கோ 112-க்கோ போன் செய்ய வேண்டும். செங்கல்சூளைத் தீயணைப்பு நிலையம் இங்கிருந்து அதிக தூரமில்லை. ஆனால் சாலையின் சந்துகளில் சரக்கு வண்டிகள் குறுக்கே நின்றால், எவ்வளவு பக்கத்தில் இருந்து என்ன பயன்?

உள்ளே படுப்பதென்றால்…

கடைக்குள் யாரையும் படுக்க வைக்காமல் இருப்பதே முதல் யோசனை. நான்கு கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு அறை எடுத்துக் கொடுத்தால் ஆளுக்கு ஆகும் செலவு பெரிதல்ல. ஒரு கட்டுச் சேலை எரிந்தால் வரும் நஷ்டம் அதைவிட அதிகம்.

அதுவரைக்குமாவது சில விதிகளை மீறாமல் இருக்க வேண்டும். வெளிப்பூட்டு வேண்டாம், உள்ளே இருப்பவர் தாமே திறக்கும்படி பூட்டு இருக்க வேண்டும். சாவி அவரிடமே இருக்கட்டும். "சாவி கொடுத்தால் சரக்குப் போய்விடும்" என்று நினைக்கிற முதலாளி, அந்த ஆளைக் காவலுக்கு வைப்பதில் அர்த்தமே இல்லை. ஷட்டர் தவிர இன்னொரு வழி இருக்க வேண்டும். பின்கதவை அடைத்துச் சரக்கு அடுக்கக் கூடாது. பரணில் படுப்பதை அடியோடு நிறுத்த வேண்டும். வாசலுக்கு அருகில், தரையில் படுப்பதே மேல். கடைக்குள் சமையல் கூடாது. கொசுவர்த்தியைத் துணிக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. புகை எழுந்தால் கூவி எழுப்பும் சிறு கருவி இப்போது சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது, அதையும் மாட்டலாம்.

இன்னொன்று. கடைச் சரக்குக்கு இன்ஷூரன்ஸ் இருக்கும். ரசீதுகளும் பத்திரமாக இருக்கும். ஆனால் உள்ளே படுத்திருந்தவர் அந்தக் கடையில் வேலை பார்த்தார் என்பதற்கு என்ன அத்தாட்சி? பெயர் பதிவேட்டில் ஏறாமல், சம்பளம் கையெழுத்தில்லாமல் கைமாறினால், விபத்துக்குப்பின் ஊரிலுள்ள தாய் தந்தையர் அலுவலகம் அலுவலகமாக அலைய நேரிடும். 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் கடைகளுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. சம்பளத்தில் 0.75 சதவீதம் தொழிலாளி பங்கு, 3.25 சதவீதம் முதலாளி பங்கு. உங்கள் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்வதில் கூச்சம் வேண்டாம்.

2020 ஜூலை கற்பித்த பாடம்

தீ மட்டும்தான் ஆபத்தா? கொரோனா காலம் நினைவிருக்கும். 2020 ஜூலை 6-ந் தேதி முதல் திருவனந்தபுரம் நகரம் மூன்றடுக்கு ஊரடங்கில் முடங்கியது. அதே மாதத்தின் நடுவில், கோட்டைப் பகுதியில் உள்ள ஒரு பெரிய விற்பனைக் கடையில் வேலை பார்த்தவர்களில் 60-க்கும் மேற்பட்டோருக்கு நோய் இருப்பது பரிசோதனையில் தெரிய வந்து, நகரமே திடுக்கிட்டது. அவர்களில் பலர் தமிழ்நாட்டவர். அன்றைக்கு நம்மவர்களைப் பலரும் சந்தேகக் கண்ணோடு பார்த்தனர் என்பது கசப்பான உண்மை.

ஆனால் நோய் ஊர் பார்த்து, மொழி பார்த்து வருவதில்லை. ஒரே அறையில் தோளோடு தோள் ஒட்டிப் படுப்பது, ஒரே குளியலறை, ஒரே டம்ளர், காய்ச்சலென்றாலும் லீவு எடுத்தால் சம்பளம் போய்விடும் என்ற பயம் இவையெல்லாம் சேர்ந்தால் எந்த நோயும் பரவும். கொரோனாவின் உக்கிரம் தணிந்துவிட்டது. காச நோயும் டெங்குவும் சளிக்காய்ச்சலும் போய்விடவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் காச நோய்க்கு மருந்து இலவசம். காய்ச்சல்காரரை இரண்டு நாள் சம்பளத்தோடு வீட்டில் விடுகிற முதலாளி தர்மம் செய்யவில்லை; மற்ற பத்துப் பேரையும் வாடிக்கைக்காரர்களையும் காப்பாற்றித் தம் கடையைத் தாமே பாதுகாத்துக்கொள்கிறார்.

நிற்கும் கால்கள்

ஜவுளிக் கடையில் சேலை எடுத்துப் போடும் பெண்களைக் கவனித்ததுண்டா? காலை முதல் இரவு வரை நின்றபடியே வேலை. வாடிக்கைக்காரர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது என்பது பல கடைகளில் எழுதாத சட்டமாக இருந்தது. நாள் முழுவதும் நின்றால் கால் நரம்புகளில் இரத்தம் தேங்கிச் சுருண்டு புடைக்கும். முதுகும் முழங்காலும் வலிக்கும். கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிக்காமலே பொழுதைத் தள்ளி, சிறுநீர்த் தொற்றுக்கு ஆளாகிறவர்களும் அநேகர்.

இதை எதிர்த்து முதல் குரல் எழுந்தது கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில். அங்கே தையல் வேலை பார்த்த விஜி என்பவர், கடைப் பெண்களைத் திரட்டி 'பெண்கூட்டு' என்ற அமைப்பை உருவாக்கினார். கழிப்பறை வேண்டும் என்று தொடங்கிய போராட்டம், உட்காரும் உரிமை வேண்டும் என்று வளர்ந்தது. அதன் பலனாக 2018-ம் ஆண்டு கேரளம் கடைகள் சட்டத்தைத் திருத்தி, சிப்பந்திகளுக்கு இருக்கை தருவதைக் கட்டாயமாக்கியது. 2021-ம் ஆண்டு தமிழ்நாடும் அதே வழியில் சட்டம் செய்தது. கேரளத்தின் 1960-ம் ஆண்டுக் கடைகள் சட்டப்படி நாளொன்றுக்கு 8 மணி நேரமே வேலை. வாரம் ஒரு நாள் விடுமுறையும் உண்டு. சட்டம் வந்துவிட்டது; ஸ்டூல் வந்துவிட்டதா என்பது கடைக்குக் கடை வேறுபடுகிறது.

மழையும் எலியும்

துலா மழை கொட்டினால் தம்பானூரும் கிழக்கேகோட்டையும் தண்ணீரில் மிதப்பது வழக்கம். 2015-ல் 'ஆபரேஷன் அனந்தா' என்ற பெயரில் வாய்க்கால் ஆக்கிரமிப்புகளை அகற்றியும், பிரச்சினை முழுதும் தீர்ந்தபாடில்லை. குப்பையை ஓடையில் தள்ளும் கடைக்காரர், தம் கடைக்குள் வரப்போகும் வெள்ளத்துக்குத் தாமே வழி செய்கிறார்.

தரைச் சரக்கை மரப்பலகைமேல் உயர்த்தி வைப்பது நல்லது. தண்ணீர் நுழையத் தொடங்கினால் முதலில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். ஈரக் கையோடு சுவிட்சைத் தொடக் கூடாது. சாக்கடை கலந்த வெள்ளத்தில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். காலில் சிறு கீறல் இருந்தாலும் அதன் வழியே எலிக்காய்ச்சல் கிருமி உடலுக்குள் போய்விடும். கேரளத்தில் ஆண்டுதோறும் உயிர் குடிக்கும் நோய் இது. வெள்ளத்தில் இறங்கி வேலை செய்தவர்கள் அருகிலுள்ள கோட்டை அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பு மாத்திரை பற்றிக் கேட்டுக்கொள்ளலாம். அதன்பின் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் கண்டால், மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிச் சமாளிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும். வெள்ளத்தில் நின்றதையும் அவரிடம் சொல்ல வேண்டும்.

கல்லாவும் கண்ணியமும்

திருட்டுக்கு வருவோம். பண்டிகைக் கூட்டத்தில் இருவர் பேச்சுக் கொடுக்க, மூன்றாமவர் கைவரிசை காட்டுவது பழைய தந்திரம். பணம் அனுப்பிவிட்டதாகப் போனில் போலிப் படத்தைக் காட்டிவிட்டு நடையைக் கட்டுவது புதிய தந்திரம். பணம் வந்ததாக ஒலிப்பெட்டி சொன்ன பிறகே பொருளைக் கொடுப்பது நலம். கல்லாப் பணத்தை வாடிக்கைக்காரர் முன்னிலையில் எண்ணாதிருப்பது, வங்கிக்குத் தினமும் ஒரே நேரத்தில் ஒரே வழியில் போகாதிருப்பது, கடை மூடும்போது இருவராகச் சேர்ந்து மூடுவது எல்லாம் செலவில்லாத பாதுகாப்பு. கத்தியைக் காட்டிப் பணம் கேட்பவனிடம் சிப்பந்தி வீரம் காட்ட வேண்டியதில்லை. பணம் போனால் சம்பாதிக்கலாம்.

ஆனால் கல்லாவில் பணம் குறைந்தால் முதல் சந்தேகம் வெளியூர்ப் பையன் மேல்தான் விழுகிறது. மாதக் கடைசியில் சம்பளத்தில் பிடித்துக்கொள்வதும் நடக்கிறது. இழப்பு அவருடைய கவனக்குறைவால்தான் ஏற்பட்டது என்று தெரியாமல், அவருடைய விளக்கத்தைக் கேட்காமல் பிடித்தம் செய்யச் சட்டம் இடம் தரவில்லை. காலையில் கல்லாவை ஒப்படைக்கும்போதும் இரவில் திரும்பப் பெறும்போதும் தொகையை எழுதி இருவரும் கையெழுத்திட்டால், திருட்டும் குறையும், வீண்பழியும் இராது. அந்த நோட்டுப் புத்தகத்தின் விலை சில ரூபாய்தான்.

இன்று இரவே…

முதலாளிமார் இன்று இரவு கடையை மூடும்போது, பூட்டை இழுத்துப் பார்ப்பதற்கு முன் உள்ளே ஒரு முறை பாருங்கள். மெயின் சுவிட்ச் அணைந்ததா? விளக்கு அணைந்ததா? பின்வழி திறக்கிறதா? உள்ளே ஆள் இருக்கிறாரா? இருந்தால், அவர் கையில் சாவி இருக்கிறதா?

சிப்பந்தித் தோழர்களே, "இங்கேயே படுத்துக்கோ" என்று சொன்னால் நன்றியோடு தலையாட்டுவதற்கு முன், "சாவி என்கிட்டே இருக்கட்டும் அண்ணாச்சி" என்று கேளுங்கள். பணிவாகவே கேட்கலாம், ஆனால் கேட்காமல் இருக்க வேண்டாம். ஊரில் மணியார்டரை எதிர்பார்த்த காலம் போய், இப்போது போனில் பணம் போகிறது. எதில் போனாலும் வீட்டில் உள்ளவர்கள் முதலில் எதிர்பார்ப்பது பணத்தை அல்ல, பொங்கலுக்கு ஊர் திரும்பும் ஆளைத்தான்.